தானமா வர்ற வீல்சேருக்கும் அளவு பாத்து வாங்கலாம்

ஓசியில வர்ற வீல்சேர்ல என்னத்த அளவு பாக்கறதுனு எங்க வீட்டுலயே சொன்னாங்க, நம்மாளுங்க நிறைய பேரும் இப்படித்தான் இருக்காங்க, அதான் கொஞ்சம் விவரமா எழுதறேன்.

எனக்கு முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. முதல்ல கிடைச்சது ஒரு முகாம்ல குடுத்த சேர். மேடை, சால்வை, போட்டோ எல்லாம் ஆச்சு, யார் குடுத்தாங்கங்கறத விடுங்க. ஆனா அது ஆஸ்பத்திரியில நோயாளிய இன்னொருத்தர் தள்ளிட்டுப் போற 18 இஞ்ச் சீட்டு சேர், என் உடம்புக்கு 15 போதும். அதுல உக்காந்தா ஒரு பக்கமா சாஞ்சே கிடப்பேன், நானே தள்ளலாம்னா கைய அகட்டி அகட்டி தோள்பட்டை விட்டுப்போகும், வெளி அகலம் 25 இஞ்சுக்கு மேல, எங்க பாத்ரூம் கதவோ ரெண்டடி. ஆக சேர் இருந்தும் குளிக்கறதுக்கு தம்பிதான் தூக்கணும், அவன் வேலைக்குப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும். சீட்டு மேல போடற மெத்தையும் கிடையாது, வெறும் ரெக்சின். உணர்ச்சி இல்லாத உடம்புக்கு அதவிட ஆபத்து எதுவும் இல்ல, எனக்கு படுக்கைப்புண் வந்து மாசக்கணக்குல குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

அப்புறம் எங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு அண்ணன்தான் சொன்னாரு, சென்னை ஐஐடியில ஆரம்பிச்ச நியோமோஷன்காரங்க ஆளுக்கு ஏத்த அளவுல நியோஃப்ளைனு ஒரு சேர் பண்றாங்க, முன்னாடி மாட்டிக்கிற மோட்டார் வண்டி ஒண்ணு இருக்கு, பேரு நியோபோல்ட், சில கம்பெனிங்க சிஎஸ்ஆர் பணத்துல, அதாவது சமூகப் பணிக்குனு ஒதுக்கற பணத்துல வாங்கிக் குடுக்கறாங்க, கேட்டுப்பாருனு. பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதத்த சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனி சட்டத்துலயே இருக்கு, மார்ச்சுல கணக்கு முடியும், அதனால அதுக்கு நல்லா முன்னாடியே பேப்பர ரெடியா வச்சுக்கறது நல்லது.

பேப்பர்னா யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, போட்டோ, எதுக்குத் தேவைனு ஒரு கடிதம். இதுல வருமானச் சான்றுதான் இழுத்துச்சு, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு டேபிளா நகரணும்ல. நன்கொடை அமையலனாலும் சும்மா இருக்காதீங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி சாதனம் குடுக்கற மத்திய அரசோட அடிப் திட்டத்துல அலிம்கோங்கற அரசு நிறுவனம் மூலமாவும் சேர், மூணு சக்கர வண்டி எல்லாம் குடுக்கறாங்க.

முக்கியமான விஷயம் அளவெடுத்ததுதான். பிசியோதெரபிஸ்ட் மேடம் இஞ்ச் டேப்போட வந்தாங்க, நான் கட்டில்ல இருந்தபடியே கால நீட்டினேன். "அண்ணே, முதல்ல மெத்தையப் போட்டு உக்காருங்க, மெத்தை இல்லாம அளந்தா எல்லாமே தப்பாப் போயிடும்"னாங்க. இடுப்பு அகலம், பின்பக்கத்துல இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் எடுத்து அதுல ரெண்டு விரல் கம்மி, முழங்கால்ல இருந்து குதிகால், தோள்பட்டை எலும்போட கீழ்நுனி எங்க வருதுனு முதுகுல தடவிப் பாத்தாங்க, சாய்மானம் அதுக்குக் கீழ நிக்கணுமாம், அப்பத்தான் கை தாராளமா பின்னாடி போய் சக்கரத்த இழுக்கும். கடைசில என் உக்காரும் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல விரல விட்டு அசைச்சுப் பாத்தாங்க. விரல் நுனி மேலயும் கீழயும் ஆடுனா சரி, ஆடாம நசுங்குச்சுனா அந்த மெத்தை ஆகாது. இது காசில்லாத டெஸ்ட், யார் வீட்டுலயும் பண்ணிப் பாக்கலாம். எனக்கு முதல் மெத்தையில விரல் நசுங்குச்சு, வேற மாத்தித் தரச் சொல்லி மேடமே எழுதிக் குடுத்துட்டாங்க.

சேர் வர்றதுக்கு நாளாச்சு, நடுவுல போன் பண்ணிப் பண்ணி எனக்கே வெக்கமாப் போச்சு. வந்ததும் உடனே ஓட்ட விடல. கட்டில்ல இருந்து சேருக்கு மாறது, முன் சக்கரத்தத் தூக்கி வாசப்படி இறங்கறது, அரை மணிக்கு ஒருதடவை கைய ஊனி உடம்பத் தூக்கி இரத்த ஓட்டம் விடறதுனு எல்லாத்தையும் செய்யச் சொல்லிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து வாங்கினாங்க. எனக்கு அதுதான் பிடிச்சது, இந்த தடவை யாரும் மேடைக்குக் கூப்பிடல!

இப்ப பாத்ரூமுக்கு நானே போறேன். இந்த ஒரு வரிய நடக்கறவங்க சும்மா தாண்டிப் போயிடுவாங்க, எங்க ஆளுங்க நின்னு படிப்பாங்க. பஜார்ல மொபைல் சர்வீஸ் கடை போட்டிருக்கேன், காலையில நியோபோல்ட்ட மாட்டிக்கிட்டு கிளம்பிடுவேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும் போகும்னு கம்பெனியில சொல்றாங்க, நம்மூரு ரோட்டுக்கு அதுல பாதியே ஜாஸ்தி. கடைக்குப் போனதும் கழட்டி ஓரமா வச்சுட்டு சேரோட உள்ள போயிடுவேன், தனி வண்டினா அதுல இருந்து இறங்கறதுக்கு இன்னொரு ஆளத் தேடணும். தம்பிக்கும் இப்ப நைட் ஷிஃப்டுக்கு ஒத்துக்க முடியுது.

வாங்கறவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேட்டரிக்கு வாரண்டி எவ்வளவு, அது போனா புதுசுக்கு யார் காசு, ஸ்பேர் எங்க கிடைக்கும்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, தானம்தானேனு கூச்சப்பட வேணாம். டியூப் பஞ்சர மட்டும் பக்கத்து சைக்கிள் கடையிலயே ஒட்டிக்கலாம்.