86, 79, 88: என் ஆமையின் எடை ஆடிய ஆட்டம்

மூன்று வாரமாக என் ஆமையின் எடை நோட்டில் 84, 85, 86 கிராம் என்று ஒழுங்காக ஏறுகிறது, அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். இதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு அதற்கு முந்தைய பக்கத்தைக் காட்டுகிறேன்: 86, 79, 88, 80, 85. இரண்டு வயது ஹெர்மன் இன நில ஆமை ஒரு வாரம் 7 கிராம் இளைக்கிறது, மறுவாரம் 9 கிராம் ஏறுகிறது. தராசில் சந்தேகம், பேட்டரியில் சந்தேகம், குடற்புழுவாக இருக்குமோ என்று ஒரு வாரம் தூக்கமே இல்லை. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

கடைசியில் விஷயம் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் இருந்தது. ஒருநாள் எடை போட்டுவிட்டு வழக்கம்போல 20 நிமிடம் ஊற வைத்தேன். வெள்ளைப் பசை மாதிரி யூரேட்டும் (சிறுநீரோடு வரும் கழிவு உப்பு) கூடவே நிறைய நீருமாகக் கொட்டியது. சும்மா திரும்பத் தராசில் வைத்தால் 6 கிராம் குறைவு! தண்ணீரை மாற்றித் திரும்ப விட்டேன், மூக்குவரை முகத்தை அமுக்கிக்கொண்டு தொண்டை ஏறி இறங்கக் குடித்தது. 4 கிராம் கூடியது. ஆமைக்குச் சிறுநீர்ப்பை ஒரு தண்ணீர்த் தொட்டி. நான் சில வாரம் ஊறலுக்கு முன்னும் சில வாரம் பின்னும் எடை போட்டு, அந்தத் தொட்டியைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது ஞாயிறு காலை, விளக்குப் போடுவதற்கு முன், சாப்பாட்டுக்கும் ஊறலுக்கும் முன், அவ்வளவுதான். தராசில் நிற்காமல் நடந்துவிடும் என்பதால் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, அதன்மேல் வயிறு படும்படி உட்கார வைக்கிறேன். கால் எதிலும் படாது, காற்றில் நீந்திக்கொண்டிருக்கும். எண் நிற்க நாலு விநாடி போதும்.

நீளம் எடுப்பதிலும் நான் பட்ட பாடு உண்டு. ஓட்டின் வளைவுமேல் டேப் போட்டு அளந்து, நீளத்துக்கு எடை போதவில்லை என்று பயந்தேன். அளக்க வேண்டியது நேர்க்கோட்டு நீளம். தலைப்பக்கம் ஒரு மரக்கட்டை, வால்பக்கம் ஒரு மரக்கட்டை, நடுவில் உள்ள தூரம். எனக்கு 74 மில்லிமீட்டர் வந்தது. நீளம் 10 சதவீதம் கூடினால், உருவம் மாறாதவரை எடை 33 சதவீதம் கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நீளத்துக்கு எடை போதுமா என்று பார்க்கும் ஜாக்சன் அட்டவணையை எல்லா ஆமை இனத்துக்கும் போட்டுப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அது ஹெர்மன், கிரேக்க ஆமை இரண்டுக்கும் போட்டது. ரஷ்ய ஆமையின் உடல்வாகே வேறு, சல்கேட்டா என்ற பெரிய ஆப்பிரிக்க ஆமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் ஆமையின் இனத்துக்கே கூட அது கொழுப்பா, தண்ணீரா, பெண்ணாமையின் வயிற்று முட்டையா என்று பிரித்துச் சொல்லாது. கால் இடுக்கில் தோல் குழி விழுந்திருக்கிறதா, சதை பிதுங்குகிறதா என்று கையில் எடுத்துப் பார்ப்பதுதான் எனக்கு நம்பிக்கை.

விற்றவர் சொன்னபடி முதல் ஆறு மாதம் பெல்லெட் உணவை அள்ளிப் போட்டேன், கிடுகிடுவென வளர்ந்தது, நான் பூரித்துப் போனேன். ஓட்டுக் கட்டங்கள் மேடு தட்ட ஆரம்பித்ததும் பூரிப்பு போயிற்று. முதலில் புரதத்தைத்தான் திட்டினேன். ஆனால் 2003இல் வந்த ஓர் ஆய்வில், சல்கேட்டாக் குஞ்சுகளுக்கு மேடு தட்டுவதில் புரதத்தைவிட வறண்ட காற்றுக்கே பெரிய பங்கு என்று தெரிந்தது. இப்போது களைச்செடிகளும் சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடும்தான், ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள் ஈரப் பாசி. பழைய மேடு அமுங்காது. கட்டங்களுக்கு நடுவே புதிதாக வரும் வெளிர்க் கோடு மட்டும் மட்டமாக இருக்கிறது, விரலால் தடவிப் பார்த்தேன்.

அடுத்து புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழாய் விளக்கை மாற்ற வேண்டும், வெளிச்சம் பளிச்சென்று இருந்தாலும் யூவிபி முன்பே குறைந்துவிடும். வெளியில் வெயில் படும் கூண்டுக்குப் படமும் போட்டாயிற்று, பலகைதான் வாங்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு காலிப்பர் வாங்கி அந்த 74ஐச் சரிபார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே எடைக் கணக்கு 4 சதவீதம் மாறுகிறது, என் மரக்கட்டைகளில் ஒன்று வேறு லேசாகக் கோணல்.