லேப் எக்ஸாமுக்கு ஜூனியருக்கு புரோகிராம் அனுப்பும் முன்

இரண்டாம் ஆண்டில் பைத்தான் லேப் முடித்ததும், ஜூனியர்களுக்கு உதவட்டும் என்று பன்னிரண்டு புரோகிராம்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாமே என் கணினியில் ஓடியவை. எக்ஸாமுக்கு முந்தைய இரவு ஒரு மாணவி அழைத்தாள். "அண்ணா, முதல் வரியிலேயே எரர். ரெண்டு மணி நேரமா பார்க்கிறேன், ஒண்ணும் புரியல."

தப்பு அவளுடையது இல்லை. ரெக்கார்டுக்காக வேர்டில் தட்டி வைத்திருந்ததை அப்படியே காப்பி எடுத்து அனுப்பியிருந்தேன். வேர்டு நேரான மேற்கோள் குறிகளைத் தானாகவே வளைந்த குறிகளாக மாற்றிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தானோ வளைந்த குறியைக் கண்டதும் நின்றுவிடும்.

அதுவாவது பரவாயில்லை, எரர் காட்டியது. பகா எண் கண்டுபிடிக்கும் புரோகிராம் எதையும் காட்டவில்லை. காப்பி எடுத்ததில் வரிகளின் முன்னால் இருந்த இடைவெளி போய்விட, அவளே ஊகித்து இடம் விட்டிருந்தாள். எந்த வரி எதற்குள் இருக்கிறது என்பதைப் பைத்தான் அந்த இடைவெளியை வைத்துத்தான் புரிந்துகொள்ளும். லூப்புக்கு, அதாவது ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கும் சுற்றுக்கு, வெளியே நிற்க வேண்டிய 'ரிட்டர்ன் ட்ரூ' (ஆம், பகா எண் என்று முடிக்கும்) வரி உள்ளே போய்விட்டது. 7 கொடுத்தால் பகா எண், 4 கொடுத்தால் இல்லை என்று சரியாகவே சொன்னது. 9-ஐயும் பகா எண் என்றது! 2-ஆல் வகுபடவில்லை என்றவுடனேயே முடிவு சொல்லிவிடுகிறது, 3-க்குப் போவதே இல்லை. 2 கொடுத்தால் லூப்புக்குள் நுழையாமலே 'நன்' (None, விடை எதுவும் இல்லை) என்று திரும்புகிறது. வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்னால் இது நடந்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

அன்றிலிருந்து புரோகிராமைக் கோப்பாகவே அனுப்புகிறேன். சாட்டில்தான் போட வேண்டும் என்றால், முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (`) குறி போடுவேன். இல்லாவிட்டால் நட்சத்திரக் குறியும் அடிக்கோடும் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று மாறிவிடக்கூடும். அனுப்பியதை நானே வேறொரு கணினியில் ஒட்டி ஓட்டிப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை.

இடைவெளிக்கு நான்கு ஸ்பேஸ். 2001-இல் வந்த பெப் 8 என்ற பைத்தான் நடை வழிகாட்டி சொல்வதும் அதுதான். ஒரு வரியில் டேப், இன்னொன்றில் ஸ்பேஸ் என்று குழப்பமாகக் கலந்தால் பைத்தான் 3 ஓட மறுக்கும். வரி 79 எழுத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

அப்புறம் பெயர்கள். ஏ, பி, சி என்று வைத்தால் எழுதியவருக்கே ஒரு மாதத்தில் மறந்துவிடும். 'டோட்டல்', 'கவுன்ட்' என்றிருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கும்போது வரியே பதில் சொல்லும். கமென்ட்டில், அதாவது புரோகிராமுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பில், 'ஐ-யுடன் ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று எழுதுவது வீண். 'வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும், ஏனென்றால் அதற்கு மேலுள்ள காரணிக்கு ஜோடி கீழேயே கிடைத்திருக்கும்' என்று எழுதினால் படிக்கிறவர் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்.

முதல் வரியில் பதிப்பைக் குறியுங்கள். பைத்தான் 2-இல் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பிரின்ட், 3-இல் ஓடாது. சி மொழி லேப் என்றால் டர்போ சி என்ற பழைய கம்பைலரின் கோனியோ (conio.h) கோப்பை நம்பி எழுதியது, லினக்ஸில் உள்ள ஜிசிசி கம்பைலரில் ஏறாது.

மாதிரி உள்ளீடும் அதற்கு வர வேண்டிய விடையும் கடைசியில் இருக்கட்டும். பகா எண்ணுக்கு 7-ஐ மட்டும் கொடுக்காதீர்கள். 1, 2, 9 மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.