உருவாதீர்கள், ஒடியுங்கள்

எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: “எங்க வீட்ல மட்டும் ஏன் குச்சியாவே நிக்குது?” எப்படிப் பறிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பாவம், செடிக்கு வலிக்குமோ என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக இலையை உருவியிருப்பார்கள். அல்லது அடியில் இருக்கும் முற்றின இலையை மட்டும் எடுத்துவிட்டு, நுனிக் கொழுந்தைத் தொடாமல் காப்பாற்றியிருப்பார்கள். பிறகு அது மேலே மேலே போகாமல் என்ன செய்யும்?

என் மாமியார் இதில் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். “ஒடிக்க ஒடிக்கத்தாம்மா துளிர்க்கும், பொத்திப் பொத்தி வச்சா உனக்கும் இல்ல, செடிக்கும் இல்ல” என்பார். செடி இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டார். கிள்ளின இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வந்தன, அவற்றின் நுனியையும் கிள்ளினார். இப்போது புதர். பூங்கொத்து வந்தாலும் ஒடித்துவிடுகிறோம். நமக்கு வேண்டியது இலைதானே.

செடி இருக்கும் தொட்டி பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளிதான். அடியில் தாராளமாக ஓட்டை. செம்மண், மக்கின மாட்டு எரு, கொஞ்சம் மணல். நாள் முழுக்க வெயில். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. புளித்த மோர் ஊற்றலாமா என்று கேட்காத ஆள் இல்லை. ஊற்றுங்கள், ஆனால் தண்ணீராக விளாவி, எப்போதாவது. கெட்டியாக ஊற்றினால் ஈ மொய்க்கும்.

மார்கழி, தை மாதங்களில் இலை மஞ்சளாகிக் கொட்டும். பயந்துபோய்த் தண்ணீரையும் உரத்தையும் கூட்டாதீர்கள், வேர்தான் அழுகும். குளிர் போனதும் தானாகத் துளிர்க்கும்.

துளிர்த்ததும் விருந்தாளி வந்துவிடும். கொழுந்து இலையில் பறவை எச்சம் விழுந்தமாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடப் போகாதீர்கள், கொஞ்சம் குனிந்து பாருங்கள். அது பட்டாம்பூச்சிப் புழு. வளர வளரப் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி. நான்கைந்து புழு சேர்ந்தால் சின்னச் செடியை மொட்டை அடித்துவிடும். மருந்து அடிக்க எனக்கு மனசு வராது, சமையலுக்குப் போகிற இலை வேறு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், இந்தப் புழுக்கள் இரண்டையும் தின்னும். அதனால் காகிதத்தில் ஏந்திக் கீழ்வீட்டுப் பெரிய எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுகிறேன். கீழ்வீட்டு அக்கா இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

புதுச் செடி வேண்டுமென்றால் கடைக் கறிவேப்பிலைக் காம்பை ஊன்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். பெரிய மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேரோடு தோண்டி எடுத்து வைக்கலாம். இல்லையா, கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, விதையைக் காயவைக்காமல் உடனே ஊன்றுங்கள். நாள்பட்ட விதை முளைக்காது. நர்சரியில் செங்காம்பு ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வாசனை தூக்கலாக இருக்கும். கோவை மாவட்டம் காரமடைப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போடுவது அதைத்தான்.

இப்படிக் கொத்துக் கொத்தாக ஒடித்தால் தாளிப்புக்குப் போக நிறைய மிஞ்சும். எங்கள் வீட்டில் அது குழம்பாகிவிடும். இரண்டு கைப்பிடி இலை, ஒரு ஸ்பூன் மிளகு, இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய். பருப்பையும் மிளகையும் மிளகாயையும் நல்லெண்ணெயில் வறுத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் இலையைப் போட வேண்டும். அந்தச் சூட்டில் வதங்கினால் போதும், கருகினால் கசக்கும். நைசாக அரைத்துப் புளிக்கரைசலில் கரைத்து, உப்புப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். சூடான சோறு, சுட்ட அப்பளம். நெய்யெல்லாம் வேண்டாம், மேலே இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெய்.