கொசுமெலில் மணி பார்த்துச் சாப்பிடுவது

பிப்ரவரி 1, 2026, ஞாயிறு

மெக்சிகோவின் கிழக்குக் கரையில் பிளாயா தெல் கார்மெனிலிருந்து படகில் முக்கால் மணி நேரம், கொசுமெல் தீவு. இங்கே நல்ல கடை எது என்று கேட்பதற்கு முன்னால் மணி என்ன, கிழமை என்ன என்று பார்க்க வேண்டும். ஞாயிறு காலை என்றால் வேறு யோசனையே வேண்டாம், கொச்சினீட்டா பிபில். முதல் நாள் மசாலா தடவி, இரவெல்லாம் வெந்த பன்றிக்கறி. விடிந்ததும் தெருமுனையில் பாத்திரத்தைத் திறப்பார்கள். பதினோரு மணிக்குமேல் போனால் மூடியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மதியம் உணவகத்தில் வருவது பெரும்பாலும் மறுபடி சூடாக்கியது, வாயில் நாராகச் சிக்கும்.

கறியின் சிவப்பு நிறம் மிளகாயால் வந்ததில்லை. அது ஆச்சியோத்தே, தமிழில் சாப்பிரா விதை. அதோடு பூண்டு, மிளகு, ஆல்ஸ்பைஸ், சீரகம், ஒரேகானோ சேர்த்து அரைத்த விழுதுதான் ரெக்காடோ ரோஹோ. ஒரு கிலோ தோள்பட்டைக் கறிக்கு 100 கிராம் விழுது, முக்கால் கப் கசப்பு ஆரஞ்சுச் சாறு, உப்பு. கசப்பு ஆரஞ்சு கிடைக்காத ஊரில் ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சம பாகம். வெறும் ஆரஞ்சு ஊற்றினால் இனிப்பு தூக்கிவிடும், அதுதான் வீட்டில் செய்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். வாழை இலையைத் தணலில் வாட்டித்தான் சுற்ற வேண்டும். வாட்டாத இலை மடிப்பில் கிழியும், சாறு ஒழுகி அடி கருகும். இதை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பிப்' என்பது மாயா மொழியில் மண்ணில் தோண்டிய அடுப்பு. ஊருக்குள் இப்போது பெரும்பாலும் பேக்கரி அடுப்புதான். 160 டிகிரியில் மூடிவைத்து மூன்றரை மணி நேரம்.

தோர்த்தியா என்ற மெல்லிய மக்காச்சோள அடையில் வைத்த தாக்கோவாகவும் கேட்கலாம், ரொட்டிக்குள் வைத்த தோர்த்தாவாகவும் கேட்கலாம். தோர்த்தா கேட்டால் ரொட்டியைக் கறிச்சாற்றில் தோய்த்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பச்சடிக்கு ஷ்னிபெக் என்று பெயர், மாயாவில் 'நாய் மூக்கு'. ஹபனேரோ மிளகாயின் காரத்தில் மூக்கு ஒழுகும் என்பதால் அந்தப் பெயர். ஆந்திரா ஊறுகாயை அள்ளிச் சாப்பிடுகிறவரும் முதலில் கால் ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளவும்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று கான்டெலாரியா திருநாள், தமாலே தினம். மக்காச்சோள மாவை இலையில் கட்டி ஆவியில் வேகவைப்பதுதான் தமாலே. ஜனவரி 6 அன்று வெட்டும் வட்ட ரொட்டிக்குள் சின்னப் பொம்மை ஒளித்திருக்கும். யார் துண்டில் அது வந்ததோ அவர் செலவில் இன்று எல்லோருக்கும் தமாலே. நடு மெக்சிகோவில் மக்காச்சோளத் தோலில் கட்டுவார்கள், கொசுமெலை ஒட்டிய யுகடான் தீபகற்பத்தில் வாழை இலை. குமரிப் பக்கத்து இலையப்பத்தைப் பார்த்தவர்களுக்கு வடிவம் புதிதல்ல. இரண்டு வகையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். வப்போர்சீட்டோ மெல்லியது, கெட்டி மாவு. கொலாதோவுக்கு மாவைக் கரைத்து, துணியில் வடிகட்டி, அடுப்பில் கிளறிக் கெட்டியாக்குவார்கள், வாயில் வைத்தால் அல்வா மாதிரி வழுக்கும். இரண்டும் இருந்தால் கொலாதோ வாங்கவும். வேலை அதிகம் என்பதால் தினமும் கிடைக்காது.

திங்கள் மதியச் சாப்பாடு யுகடான் முழுக்க ஒன்றுதான்: ஃப்ரிஹோல் கோன் புவெர்கோ. கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் எபசோத்தே இலை போட்டு வேகவைத்தது. அந்தத் தண்ணீரிலேயே சோறு வெந்து கறுத்திருக்கும். முள்ளங்கி, கொத்தமல்லி, வெங்காயம், எலுமிச்சை தனித்தனியாக வரும், தூவிக் கலந்துகொள்ள வேண்டியது நம் வேலை. செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வழி கண்டுபிடிக்க ஒரு குறிப்பு. தீவின் முக்கிய ஊரான சான் மிகேலில் கடலுக்கு இணையாக ஓடும் அவெனிதா என்ற சாலைகள் ஐந்தைந்தாக எண்ணப்படும்: கடற்கரைச் சாலை ரஃபாயெல் மெல்கார், அப்புறம் 5, 10, 15, 20, 25, 30. குறுக்குத் தெருக்களில் வடக்கே இரட்டைப்படை, தெற்கே ஒற்றைப்படை. எண் கூடக்கூட டாலர் விலைப்பட்டியல் மறைந்து பெசோ விலை தலைகாட்டும். சுற்றுலாக் கப்பல்கள் நிற்க மூன்று துறைகள் இருக்கின்றன; அவற்றை ஒட்டிய சாலையில் சீஸ் ஊற்றிய நாச்சோஸ்தான் மெக்சிகோ. 15க்கு அந்தப் பக்கம் நடந்துவிடுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. சதுக்கத்தை ஒட்டி, தெற்கு 1ஆம் தெருவில், 1945 முதல் நடக்கும் காசா தெனிஸ் என்ற மஞ்சள் மரவீட்டு உணவகம்.

பிப்ரவரி 4, புதன்

நகராட்சிச் சந்தை அதோல்ஃபோ ரொசாதோ சாலஸ் தெருவில், 20க்கும் 25க்கும் நடுவில் இருக்கிறது. காய்கறி, மீன் கடைகளோடு சேர்ந்தே சின்னச் சமையல்கடைகள். 'கொமீதா கொர்ரீதா' என்று பலகை இருந்தால் அன்றைய சாப்பாடு, அதாவது சூப், ஒரு கறி, சோறு, பீன்ஸ், தோர்த்தியா, ஒரு குடிநீர். ஒரு மணிக்குப் போவது சரி. மூன்றுக்குமேல் பட்டியலில் இருக்கிற பாதி தீர்ந்திருக்கும்.

சோபா தே லீமா என்ற லீமா சூப் வந்தால் முதலில் குழம்பை மட்டும் ஒரு வாய். லீமா நம் எலுமிச்சை இல்லை, மணம் வேறு. வில்லைகளைக் கடைசியில் போட வேண்டும். கொதிக்கவிட்டால் தோலின் கசப்பு இறங்கி சூப் முழுக்க வீணாகும். கசந்தால் காலையில் செய்து அடுப்பிலேயே கிடந்தது என்று பொருள்.

பனூச்சோவும் சல்பூத்தேயும் ஒன்றுபோலத் தோன்றும். சல்பூத்தே பச்சை மாவைத் தட்டி நேரே எண்ணெயில் போடுவது, பூரி மாதிரி உப்பும், மெத்தென்று இருக்கும். பனூச்சோவுக்கு முதலில் தோர்த்தியாவைக் கல்லில் சுட வேண்டும். அது பலூனாக உப்பினால்தான் ஓரத்தில் கத்தியால் கீறி உள்ளே அரைத்த கறுப்பு பீன்ஸ் ஒரு ஸ்பூன் அடைக்க முடியும். பிறகு எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, மேலே வான்கோழி அல்லது கோழி, அவகாடோ, ஊறவைத்த சிவப்பு வெங்காயம். அந்த வெங்காயத்தைக் கவனியுங்கள். மெல்லிசாக நறுக்கி, கொதிநீரை ஊற்றி ஒரு நிமிடத்தில் வடித்து, கசப்பு ஆரஞ்சுச் சாறு, உப்பு, ஒரேகானோ போட்டு அரை மணி வைத்தால் ஊதா போய் பளீர் இளஞ்சிவப்பு ஏறும். புளிப்புதான் நிறத்தை மாற்றுகிறது. மங்கலான ஊதாவிலேயே இருந்தால் சாறு போதவில்லை.

தோர்த்தியா உப்புவதும் உப்பாததும் மாவைப் பொறுத்தது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுண்ணாம்பு. கொதி வந்தபின் அரை மணி அடுப்பில், பிறகு இரவு முழுக்க அதே நீரில் ஊற வேண்டும். சுண்ணாம்பு தோலைக் கரைத்துவிடும். அதனால்தான் வெறும் சோளமாவில் வராத ஒட்டு இதில் வருகிறது. சுண்ணாம்பு கூடினால் மஞ்சளித்து சோப்பு வாடை அடிக்கும், குறைந்தால் தட்டும்போதே விளிம்பு வெடிக்கும். தோர்த்தியேரியாவில் கிலோக் கணக்கில் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கால் கிலோ கேட்டாலும் கொடுப்பார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மீன். முதலில் தடைக்காலம்: மேரோ எனும் களவா மீனைப் பிடிக்க பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை தடை. இப்போது 'புதிய மேரோ' என்று யாராவது சொன்னால் அது வேறு மீன், இல்லையென்றால் ஐஸ்பெட்டி மீன். சிங்கி இறாலுக்குத் தடை மார்ச் 1இல் தொடங்கி ஜூன் 30 வரை, ஆக இந்த மாதம் சாப்பிடலாம். டிக்கின் ஷிக் கேட்கும்போது போக்கினேத்தே மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். மீனை முதுகோடு பிளந்து விரித்து, ரெக்காடோ தடவி, வாழை இலையில் வைத்துத் தணலில் சுடுவதுதான் டிக்கின் ஷிக். எலும்போடு முழு மீனாக வந்தால் நல்ல கடை. துண்டு போட்டதில் ஈரம் நிற்காது.

சிங்கமீன் இருந்தால் தயங்காமல் வாங்கவும். வெளியிலிருந்து வந்து இந்தப் பவளப்பாறை மீன்களைத் தின்று தீர்க்கும் இனம். முள் பதினெட்டில்தான் விஷம், சதையில் இல்லை. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் செவீச்சேவுக்கு நன்றாக நிற்கும். செவீச்சே மதியத்துச் சாப்பாடு. எலுமிச்சைச் சாறு சதையை வெளுக்க வைக்கும், ஆனால் வேகவைத்ததுபோல் கிருமியைக் கொல்லாது. இரவு ஒன்பது மணிக்கு அதைக் கேட்க வேண்டாம்.

கிழக்குக் கரையில் கடலைப் பார்த்துச் சாப்பிடப் போகிறவர்கள் கவனிக்க: அந்தப் பக்கம் மின்கம்பி கிடையாது, ஜெனரேட்டர், சூரிய மின்சாரம்தான். பொழுது சாய்ந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள். கார்டு எந்திரத்தை நம்பாமல் பெசோ ரொக்கம் கொண்டுபோகவும்.

பிப்ரவரி 7, சனி

தாக்கோஸ் அல் பஸ்தோர் இருட்டியபிறகுதான். லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா கம்பியில் ஆட்டுக்குப் பதில் பன்றி ஏறியது. அதே வழியில் வந்த கிபி என்ற கோதுமைரவை, கறி வடையை இங்கே மாலையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்கள். கம்பியில் கறி வெளிப்புறம் கருகிப் பளபளக்க வேண்டும், கத்தி மேலிருந்து கீழே சீவ வேண்டும். சீவியதைத் தோசைக்கல்லில் போட்டுக் கொத்திக்கொண்டிருந்தால் கம்பி இன்னும் சூடேறவில்லை. எட்டரைக்கு மேல் வாருங்கள். 30ஆம் அவெனிதா பக்கம் கூட்டம் நிற்கும் கடையில் போய் நிற்பது போதும், பெயர் தேட வேண்டாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சைவக்காரர்களுக்கு. 'கார்னே' (இறைச்சி) வேண்டாம் என்று சொன்னால் மாட்டுக்கறி, பன்றிக்கறி மட்டும் போய்க் கோழி வந்து நிற்கும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: சின் பொயோ (கோழி இல்லாமல்), சின் புவெர்கோ (பன்றி இல்லாமல்), சின் மந்தேக்கா (பன்றிக் கொழுப்பு இல்லாமல்), சின் கால்தோ (கறிச்சாறு இல்லாமல்). கடைசி இரண்டும் முக்கியம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள். கோதுமைத் தோர்த்தியாவிலும் கொழுப்பு இருக்கலாம். சோளத் தோர்த்தியாவில் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும்தான். முட்டை உண்டு என்றால் பபத்சூலே கேளுங்கள், பூசணி விதைக் குழம்பில் தோய்த்த தோர்த்தியாவுக்குள் அவித்த முட்டை. முட்டையும் இல்லையென்றால் சிக்கில் பாக், வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் அரைத்த துவையல். நம் மாடித்தோட்டக்காரர்கள் வளர்க்கும் சாயா கீரையின் பூர்வீகம் இதுதான், முட்டையோடு கிளறித் தருவார்கள். பச்சையாகத் தின்பதற்கில்லை, சயனைடு உண்டு, கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். குடிக்க ஹமைக்கா வாங்கலாம், நம் புளிச்சைக்கீரையின் சொந்தம். தமரிந்தோ என்றால் புளித்தண்ணீரேதான்.

இரவு சதுக்கத்தில் மார்க்கெசீட்டா வண்டிகள். இரட்டை இரும்புத் தட்டில் மாவை மெல்லிசாக அழுத்திச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சுருட்டி, உள்ளே துருவிய எடாம் சீஸ். கூட கஹேத்தா வேண்டுமா என்பார்கள். ஆட்டுப்பாலைக் காய்ச்சிச் சுண்டவைத்த கேரமல் அது, முதல் தடவை வேண்டாம், சீஸின் உப்பு மறைந்துபோகும். அடுக்கி வைத்திருப்பதை வாங்காமல் கண்முன்னே சுடச் சொல்லி, நின்ற இடத்திலேயே தின்றுவிடவும். கடற்காற்றில் ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும்.