கோட்டை மானுக்குக் கண் வீங்கிய கதை

திருகோணமலைத் தெருக்களில் ஓடித் திரிந்து பொருள் சேர்க்கும் ஒரு சின்ன ஒன்லைன் கேம் செய்கிறோம். புரோகிராம் நிலாவெளியில் இருக்கும் கூட்டாளியின் வேலை, படங்கள் என் வேலை. கோட்டை வாசல், கோணேசர் கோயில் ஏற்றம், கன்னியாவின் ஏழு கிணறுகள் எல்லாவற்றையும் 16க்கு 16 பிக்சல் கட்டங்களில் வரைந்து வைத்திருந்தேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் நடப்பவர்களுக்குத் தெரியும், புள்ளிமான் இல்லாமல் அந்த இடமே இல்லை. அதனால் முன்னுக்குப் பார்த்து நிற்கும் ஒரு மானும் வரைந்தேன்.

போனில் பார்த்தால் எல்லாம் எறும்பு அளவு. "பெரிசாக்கி அனுப்பு மச்சான்" என்றான் அவன். அரை மணித்தியால வேலை என்றுதான் நினைத்தேன்.

கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, அளவை மாற்றி, ஓகே கொடுத்தேன். மான் ஈரத் துணியால் துடைத்த மாதிரி வந்தது. மென்பொருள் பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து இடைநிறம் உண்டாக்கியிருந்தது. போட்டோவுக்கு அது நல்லது, பிக்சல் ஓவியத்துக்கு நஞ்சு. நான் எண்ணி எடுத்த 14 நிறங்கள் நூற்றுக்கணக்காகப் பெருகியிருந்தன. இன்டர்போலேஷன் என்ற இடத்தில் 'நன்' என்று மாற்றினால் கலக்காமல் அப்படியே கட்டம் கட்டமாகப் பெருக்கும். வேறு மென்பொருள்களில் இதையே நியரெஸ்ட் நெய்பர் என்பார்கள். மாற்றினேன், கூர்மை வந்தது. சரி, முடிந்தது என்று அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் தங்கச்சி என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இந்த மானுக்கு என்ன, ஒரு கண் வீங்கிப்போய்க் கிடக்கு?"

உண்மைதான். ஒரு கண் மற்றதைவிட அகலம். ஒரு இரவு முழுக்க நான் வரைந்ததில் பிழை தேடினேன். பிழை அங்கே இல்லை, கணக்கில் இருந்தது. போன் திரையின் அகலம் 360, ஒரு கட்டம் 40 என்றால் சரியாக 9 கட்டம் நிற்கும் என்று நாங்களே முடிவெடுத்திருந்தோம். 16ஐ 40 ஆக்குவது இரண்டரை மடங்கு. ஒரு பிக்சலை இரண்டரையாக வெட்ட முடியாது. அதனால் ஒரு நெடுக்கு வரிசைக்கு 2, அடுத்ததற்கு 3, பிறகு 2, பிறகு 3 என்று மாறி மாறிப் பங்கு போகிறது. என் மானின் கண்கள் 6ஆவது, 11ஆவது வரிசைகளில் இருந்தன. ஒன்றுக்கு 3 கிடைத்தது, மற்றதற்கு 2. அகலம் 16 என்ற இரட்டை எண்ணாக இருக்கும்வரை, நடுவில் மடித்தால் ஒத்துப்போகும் எந்த உருவத்துக்கும் இரண்டரை மடங்கில் இதே கதிதான். எங்கே கண் வைத்தாலும் ஒன்று வீங்கும்.

மூன்று மடங்குக்குப் போனோம். 48. திரையில் ஏழரைக் கட்டம்தான் நிற்கும், ஓரத்தில் அரைக் கட்டம் தெரிந்தால் தெரியட்டும்.

என் போனில் கண் சரியானது. கூட்டாளியின் லப்டொப்பில் மறுபடி வீக்கம்! காரணம் விண்டோஸ். அவன் எழுத்துப் பெரிசாகத் தெரிவதற்காகத் திரை அளவை 125 வீதத்தில் வைத்திருந்தான். நாங்கள் கொடுத்த 3 அங்கே 3.75 ஆகிவிடுகிறது. பிறகு அவன் ஒவ்வொரு கருவியின் உண்மையான திரைப் பிக்சலைக் கணக்கில் எடுத்து, அதில் முழு எண் மடங்கு வருகிற மாதிரி எழுதினான்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பெரிதாக்கும் வேலையைக் கருவியே செய்ய வேண்டுமென்றால் நான் பைலைப் பெரிதாக்கி அனுப்புவது எதற்கு? சின்னப் படத்தையே அனுப்பி, பிரவுசரிடம் மென்மையாக்காதே என்று சொன்னால் போதும். பிரவுசரில் கேம் வரையப்படும் கன்வாஸில் அதற்கு ஒரு வரி, இமேஜ் ஸ்மூதிங்கை நிறுத்துவது. டேட்டாவும் மிச்சம். மூன்று நாளாகப் பெருக்கி வைத்த பைல்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

நடக்கும்போது கட்டங்களுக்கு நடுவே மெல்லிய கோடு மினுங்கியது. கேமுக்குள் காட்சியை நகர்த்தும் கமராவின் இடம் பின்னத்தில் விழுவதால் வருவது, முழு எண்ணாக்கினதும் போய்விட்டது. இன்னொன்று: செய்தி ஆப்பில் படத்தைப் போட்டோவாக அனுப்பக் கூடாது. சுருக்குகிறேன் என்று நிறத்தையெல்லாம் குழப்பிவிடும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

மிஞ்சியது முகப்புத் திரைக்கான பெரிய மான். அதை 32க்கு 32 பிக்சலில் வரைந்திருந்தேன். வெறுமனே பெருக்கினால் முதுகு படிக்கட்டு மாதிரி இருந்தது. இதற்கென்றே பழைய வழி ஒன்று உண்டு. 1992 வாக்கில் லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தில் எரிக் ஜோன்ஸ்டன், 320க்கு 200 அளவிலான கேம்களை மெக்கின்டோஷுக்கு மாற்றும்போது எழுதியது. இன்று அதை ஸ்கேல்2எக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். ஒவ்வொரு பிக்சலையும் நாலாகப் பிரித்து, மேல், கீழ், இடம், வலம் பார்க்கும். அடுத்தடுத்த இரண்டு அயல் ஒரே நிறமென்றால் அந்த மூலைக்கு அந்த நிறம். புதிய நிறம் ஒன்றுகூடப் பிறக்காது, எனக்குப் பிடித்ததே அதுதான்.

முதுகு அழகாக வளைந்தது. தனியே நின்ற புள்ளிகள் தொடாமல் சதுரமாகவே இருந்தன, ஏனென்றால் நாலு பக்கமும் ஒரே நிறமென்றால் அது கை வைக்காது. மூலையோடு மூலை தொட்ட புள்ளிகள்தான் சிக்கல். அவற்றைச் சாய்கோடாக ஒட்டிவிட்டது. புள்ளிமான் கோடு போட்ட வேறேதோ மிருகமானது. அது இரண்டு புள்ளியா, ஒரு கோடா என்று அந்தக் கணக்குக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள் காலையில் கோட்டைக்குப் போய் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து 64 பிக்சலாகப் பெருகிய மானில் ஒட்டிய இடங்களையெல்லாம் கையால் பிரித்தேன். இரண்டு மணித்தியாலம் போனது.

தங்கச்சியிடம் காட்டினேன். கண்ணைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "கொம்பு எங்க?" என்றாள். பெண் மான் என்று சொல்லித் தப்பித்தேன்.