தனியப் போட ஏலுமோ?

வாக்குச்சாவடிக்கு வந்த அந்த அம்மாவிடம் நான் கேட்டது, "தனியப் போட ஏலுமோ அம்மா?" என்று. கேட்டிருக்க வேண்டியது, "உதவி ஏதும் வேணுமோ?" என்று. இரண்டும் ஒரே கேள்விதானே என்று பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரே கேள்வி இல்லை. எழுபத்தைந்து வயது தாண்டிய ஒரு யாழ்ப்பாணத்து மனுசியிடம், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏலுமோ என்று கேட்டால் ஏலும் என்றுதான் பதில் வரும்.

2023 மே 4. லண்டனுக்கு வெளியே ஒரு பரோ கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி சபையின், தேர்தல். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று இடம், வாக்குச்சீட்டில் ஒன்பது பேர். படம் உள்ள அடையாள அட்டை காட்டினால்தான் சீட்டு என்ற விதி, சோதனைகள் முடிந்து முறைப்படி வந்த முதல் உள்ளூராட்சித் தேர்தல் அது. பயிற்சி வகுப்பில் முக்கால்வாசி நேரம் அதற்கே போய்விட்டது. முதியோர் பஸ் பாஸ் செல்லும், இளையோரின் ரயில் அட்டை செல்லாது. காலாவதியான கடவுச்சீட்டு, முகம் ஒத்துப்போனால் செல்லும். போனில் இருக்கும் படம் செல்லாது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகள் பொதுநலவாய நாடுகளுடையவை என்பதால் செல்லும். முகம் மூடி வருபவர்களுக்கு ஒரு மறைப்பும் ஒரு கண்ணாடியும். சீட்டுக் கொடுக்காமல் அனுப்பினால் அதற்கொரு பட்டியல். கரைச்சல் வந்தால் இந்த வாசலால்தான் வரும் என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேசையில் நாங்கள் மூன்று பேர்: தலைமை அலுவலராக நான், இரண்டு எழுதுவினைஞர்கள். ஒருவர் பெயரும் விலாசமும் கேட்டு, அட்டையைப் பார்த்து, இடாப்பில் கோடு போடுவார். மற்றவர், கொடுக்கப்போகும் சீட்டின் இலக்கத்துக்கு நேரே வாக்காளர் இலக்கத்தை ஒரு பட்டியலில் எழுதிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். இந்தப் பட்டியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பதினொன்றரை மணி போல அந்த அம்மாவும் மகனும் வந்தார்கள். பஸ் பாஸ் சரி, கோடு போட்டாயிற்று, சீட்டும் கொடுத்தாயிற்று. மகன் அதைத் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாக்குப் போடும் மறைப்புப் பக்கம் நடந்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ."

"அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. நான் காட்டிவிடுறன்."

இந்த இடத்தில் வழி ஒன்றுக்கு மேல் இருந்தது. வாசிக்க இயலாத வாக்காளர் ஒரு துணையோடு போடலாம். எந்த மொழி வாசிக்க இயலாதவர் என்று விதி சொல்லவில்லை. துணை வருபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தத் தேர்தலில் இரண்டு பேருக்கு மேல் துணை போயிருக்கக் கூடாது, ஒரு பிரகடனத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். நான் கோப்பைத் திறந்து படிவத்தை எடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அல்லது, வாக்காளர் கேட்டால், அவர் சொல்வது போலத் தலைமை அலுவலரே சீட்டில் அடையாளம் போட்டுக் கொடுக்கலாம். பெயர்ப் பட்டியலை ஒழுங்கு மாறாமல் ஒரே குரலில் வாசித்துக் காட்டவும் செய்யலாம். துணை வேண்டும் என்று கேட்க வேண்டியவர் வாக்காளர். மகன் கேட்டது அதில் சேராது. அதனால்தான் நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். அதுவரை நான் செய்ததில் பிழை இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

எனக்குள் இருந்த பயத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸில் 2014 இல் நடந்த மேயர் தேர்தலை, மோசடி நடந்ததென்று, அடுத்த ஆண்டு தேர்தல் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. 2016 இல் முன்னாள் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 'குடும்ப வாக்களிப்பு' என்ற சொல் எங்கள் பயிற்சிகளில் தவறாமல் வரும். கணவன் மனைவியோடு, மகன் தாயோடு மறைப்புக்குள் போவதுதான் அது. பயிற்சியில் அந்தச் சொல் வந்ததும் அறையில் இருக்கும் நாலைந்து ஆசிய முகங்களை எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னர்தான், இன்னொருவரின் வாக்கை மாற்றும் நோக்கோடு மறைப்பில் கூட நிற்பதைக் குற்றமாக்கும் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்திருந்தது. நடைமுறைக்கு வந்தது அடுத்த ஆண்டு. தமிழ் ஆட்கள் வந்தார்கள், தமிழ் அலுவலர் விட்டுக்கொடுத்தார் என்று பேச்சு வரக் கூடாது. அந்த எண்ணம்தான் கேள்வியின் வடிவத்தை மாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்ட கேள்விக்கு எனக்கு வேண்டிய பதில் ஒன்று இருந்தது.

"ஏலும் பிள்ளை. எத்தினை புள்ளடி?"

"மூண்டு பேருக்கு மட்டும் போடலாம் அம்மா. ஒண்டு போட்டாலும் செல்லும். கூடப் போட்டால் முழுச் சீட்டும் செல்லாது."

இதைத் தெளிவாகச் சொன்னேன். மகன் சுவரோரம் போய் நின்றார், முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர், ஆங்கிலேயப் பெண், நல்லவர், "என்ன கேட்டீர்கள்?" என்றார். மேசையில் வேறு மொழி பேசினால் என்ன பேசினோம் என்று மற்றவர்களுக்குச் சொல்வது எங்கள் வழக்கம். "உதவி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்" என்றேன். சாவடியின் நாட்குறிப்பிலும் ஆங்கிலத்தில் அப்படியே எழுதினேன். எழுதும்போது அது பொய் என்று படவில்லை. இரவு பத்து மணிக்குப் பெட்டியின் வாயை முத்திரையிட்டு, கொடுத்த சீட்டு, கெட்ட சீட்டு, மிஞ்சிய சீட்டுக் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டிருந்த போதுதான், கேட்டதும் எழுதியதும் வேறு என்பது கண்ணில் பட்டது.

இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் சீட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இங்கத்தைச் சீட்டின் வில்லங்கம் புரியும். அங்கே கட்சியின் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும், சின்னம் ஒரு தடவைதான் வரும். சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, பிறகு கீழே அந்தக் கட்சி வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களில் மூன்று வரை. இங்கே பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். ஒரு கட்சி மூன்று பேரை நிறுத்தினால் அதே சின்னம் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். ஆங்கிலம் தெரிந்தவர்களே இரண்டைப் போட்டுவிட்டு மூன்றாவதைத் தேடுவார்கள். அந்த அம்மா மறைப்புக்குள் நின்ற நேரத்தில் நாங்கள் இன்னும் ஐந்து பேருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டோம். பென்சில் கட்டியிருந்த நூல் பலகையில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குட்டி குட்டியாக, பல தடவை.

வெளியே வந்து, சீட்டை நாலாக மடித்து, பின்பக்க இலக்கத்தை எனக்குக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் போட்டா. போட்ட பிறகு மேசைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னா:

"எல்லாருக்கும் போட்டிட்டன் பிள்ளை. ஒருத்தரையும் விடேல்ல."

பெட்டிக்குள் விழுமுன் சொல்லியிருந்தால் கெட்ட சீட்டென்று வாங்கி வைத்துக்கொண்டு வேறு சீட்டுக் கொடுத்திருப்பேன். விழுந்த பிறகு ஒன்றும் செய்ய இல்லை. அந்த 'எல்லாரும்' யார்? ஒன்பது பேருமா, அல்லது மகன் வீட்டில் சொல்லிவிட்ட மூன்று பேருமா? கேட்கக் கூடாது, கேட்கவில்லை. மகன் மட்டும் போகிற போக்கில், "இப்ப சந்தோசமோ?" என்றார். என்னைத்தான்.

துணைப் படிவம் கொடுத்திருந்தால் மகன் தன் இஷ்டத்துக்கு மூன்று புள்ளடி போட்டிருப்பார், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பா. அப்படிப் பார்த்தால் அன்று பென்சில் அவவின் கையில் இருந்தது, அதுவே பெரிது என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், அந்தச் சீட்டு ஒரு பயனும் இல்லாமல் போனதற்குக் காரணம் மகனில்லை, நான்தான் என்று தோன்றும். வாசிக்கத் தெரியாதவர் துணை கேட்பது சட்டம் கொடுத்த உரிமை. அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் அவவிடம் சொல்லவே இல்லை. உரிமையை மறைத்துவிட்டு இரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்லலாமா? அதுவும் சற்று மிகைதான். ஏலும் என்று சொன்னவ அவதானே.

முடிவு அறிவிப்பில் நிராகரித்த சீட்டுகளைக் காரணம் பிரித்துப் போடுவார்கள்: அலுவலக முத்திரை இல்லாதவை, உரிய எண்ணிக்கைக்கு மேல் புள்ளடி போட்டவை, போட்டவரை அடையாளம் காட்டக்கூடியவை, வெறுமையானவை. எங்கள் வட்டாரத்தில் இரண்டாவது வகை ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

தெரிந்துகொள்ளக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்று இருந்தது: முதலில் சொன்ன அந்த இலக்கப் பட்டியல். எந்த வாக்காளருக்கு எந்தச் சீட்டு என்பது அதில் இருக்கிறது. இரவு அதை உறையிலிட்டு முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய யாரும் திறக்க முடியாது. வாக்குச்சீட்டுகளோடு சேர்த்து ஓராண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்கள். 2024 மே மாதம் அந்த ஓராண்டு முடிந்தது. நாட்குறிப்பில் நான் எழுதிய வரியைத் திருத்தச் சொல்லி யாருக்கும் எழுதவில்லை.