அளந்து வைத்ததிலிருந்து ஒரு பிடி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வீடு திரும்பியதும் என் தாயார் செய்யும் முதல் வேலை, காலியான பால்பவுடர் டின் ஒன்றைத் துடைத்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பதுதான். தவக்காலம் முடியும்வரை ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அதில் ஒரு பிடி அரிசி விழும். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது, அதுவரை சேர்ந்தது எங்கள் கோவில் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் போய்ச் சேரும். அவர்கள் அதை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள்.

ஒருநாள் அந்தப் பிடியரிசியை நானே எடுக்கிறேன் என்று பானைக்குள் கையை விட்டேன். "பானையில இருந்து எடுக்காத. உலைக்கு அளந்து வச்சதுல இருந்து எடு. அப்பதான் நமக்குக் குறையும்" என்றார் அம்மா. எங்கிருந்து எடுத்தாலும் அரிசி அரிசிதானே என்றுதான் அன்று தோன்றியது. ஐந்து பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவருடைய தட்டில்தான் அந்தக் குறை தெரியும் என்பது, நான் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகே உறைத்தது.

கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தியை, அதாவது நாளுக்கு ஒரே முழு உணவு என்ற நோன்பைக் கட்டாயமாக்கியிருப்பது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்கு மட்டுமே. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும்வரை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் 14 வயது நிறைந்த எல்லோரும் சுத்தபோசனம் காக்க வேண்டும், அதாவது இறைச்சி கூடாது. மீனுக்குத் தடையில்லை. கோழிக்கறியைவிடச் சீலா மீனின் விலை கூடுதலாக இருக்கும் எங்கள் தூத்துக்குடியில், வெள்ளிக்கிழமை மீன் வறுத்துவிட்டுத் தவம் காத்ததாகச் சொல்லிக்கொள்வது எனக்கு எப்போதுமே சற்றுக் கூச்சமாக இருக்கும். சட்டம் மீறப்படவில்லை; ஆனால் வீட்டில் எதுவும் குறையவும் இல்லை.

சென்ற ஆண்டு திருநீற்றுப் புதனன்று காலையில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்காக உலை வைத்தபோது டின்னுக்கான பிடியரிசியைக் கை தாராளமாகவே அள்ளியது. பகலைக் கஞ்சியோடு கழித்துவிட்டு, அன்றைய ஒரே முழு உணவுக்காக இரவு மறுபடியும் அரிசி அளந்தேன். பசி கண்ணை இருட்டியது. டின்னுக்கு மேலே கொண்டுபோன கையைத் தற்செயலாக விரித்துப் பார்த்தபோது, காலையில் எடுத்ததில் பாதிகூட உள்ளங்கையில் இல்லை. விரல்கள் தாமாகவே இறுகி, அள்ளியதில் மிச்சத்தைப் பாத்திரத்திலேயே உதிர்த்திருந்தன.

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற மத்தேயு நற்செய்திப் பகுதியைத்தான் அன்று காலைத் திருப்பலியில் வாசித்திருந்தார்கள். தம்பட்டம் அடிக்கிறவர்களுக்கான எச்சரிக்கை அது, நமக்கு அந்தப் பழக்கம் இல்லை என்ற நிம்மதியோடு கேட்டுவிட்டு வந்திருந்தேன். அதே பகுதி சொல்லும், மறைவில் இருப்பதைக் காண்கிற தந்தையாகிய கடவுள், யாருமில்லாத அடுக்களையில் சுருங்கிய ஒரு பிடியையும் காண்பார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

அரிசியைக் கொட்டிவிட்டு மறுபடி அள்ளினேன். அன்றிரவு பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போதுமான அளவு இருந்தது. நான் உட்கார்ந்தபோது குக்கரின் அடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. அந்தக் கரண்டிச் சத்தம் அம்மாவின் அடுக்களையில் நான் தினமும் கேட்டு வளர்ந்த சத்தம்.